சீமைக் கருவை: செட்டிநாட்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் சுற்றுவட்டத்தில் கண்மாய் வேலை நடந்தாலும் சரி, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தாலும் சரி, பேச்சு கடைசியில் இந்த மரத்தில்தான் வந்து நிற்கிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போவதால் எண்ணும் கொடுத்திருக்கிறோம்.

1. நாட்டுக் கருவை, சீமைக் கருவை, வேலிக்கருவை, வேலிக்காத்தான்... எல்லாம் ஒண்ணுதானா?

நாட்டுக் கருவை வேறு. மற்ற மூன்றும் ஒரே மரத்தின் பெயர்கள். பூவையும் காயையும் பார்த்தால் குழப்பமே வராது. நாட்டுக் கருவையின் பூ மஞ்சள் நிறத்தில் சின்னப் பந்து போல உருண்டையாக இருக்கும். காய் சாம்பல் நிறம், விதைக்கு விதை இடுங்கிப் பாசிமணி கோத்தது போல் தொங்கும். சீமைக் கருவையின் பூ வெளிர்மஞ்சள் திரி மாதிரி நீளமாக இருக்கும். காய் பீன்ஸ் போல ஒரே சீராக ஒரு சாணுக்குள் நீண்டு, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும்.

வன்னியையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கோயிலில் நிற்கும் வன்னிக்கும் திரிப் பூதான். ஆனால் அதன் முள் சிறியது, கூம்பு வடிவம், கிளை நெடுகச் சிதறி இருக்கும். சீமைக் கருவையின் முள் இலைக் கணுவில், பெரும்பாலும் இரண்டிரண்டாக, நீளமாக வரும். முள்ளே இல்லாத சீமைக் கருவையும் ஆங்காங்கே நிற்கும் என்பதால் முள்ளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2022-இல் வகைப்பாட்டை மாற்றியபோது அந்தப் பெயர் வன்னிக்கே நின்றது. சீமைக் கருவை நெல்ட்டுமா ஜூலிஃப்ளோரா ஆனது.

2. காமராசர் ஆட்சியில விதை தூவுனதாலதான் வந்துச்சுன்னு சொல்றாகளே?

அவர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. மரத்தின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி. சென்னை மாகாண வனத்துறைப் பொறுப்பில் இருந்த பெட்டோம், வறண்ட பகுதிகளின் விறகுத் தட்டுப்பாட்டுக்காக இதைக் கேட்டு வாங்கினார். 1877-இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டார்கள். பிற்பாடு வறண்ட மாவட்டங்களில் விறகுக்கும் வேலிக்கும் அரசுத் துறைகள் விதைத்தது உண்மை. அதை ஒரு முதலமைச்சர் தலையில் மட்டும் கட்டுவது வரலாறு ஆகாது.

‘சீமை’ என்ற சொல்லே சாட்சி. கடல் கடந்து வந்த பசு சீமைப்பசு, எண்ணெய் சீமை எண்ணெய். அந்த வரிசையில் ஊர் வைத்த பெயர்தான் இது.

3. நம்ம பக்கம் மட்டும்தான் இந்தத் தொல்லையா?

இல்லை. ராஜஸ்தானில் 1940-இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை அரச மரியாதைக்குரிய மரமாக அறிவித்துக் காப்பாற்றியது. குஜராத்தின் கட்சுப் பகுதியில், உப்புப் பாலை முன்னேறுவதைத் தடுக்க 1961-இல் பன்னிப் புல்வெளியில் நட்டார்கள். இன்று மேய்ச்சல் நிலத்தையே அது விழுங்கிக்கொண்டிருக்கிறது. எத்தியோப்பியாவின் அஃபார், சூடான், கென்யாவின் பேரிங்கோ ஏரிப் பக்கம் எல்லாம் இதே கதைதான். பேரிங்கோ மக்கள் 2006-இல் வழக்குப் போட்டபோது பல் விழுந்த ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். இனிப்புக் காயைத் தின்று தின்று ஆட்டின் பல் சொத்தையாகிவிட்டது என்பது அவர்கள் புகார்.

எல்லா இடத்திலும் நல்ல எண்ணத்தோடுதான் நட்டிருக்கிறார்கள். நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

4. யாரும் நடாமலே இப்படி எப்படிப் பரவுது?

மாடு நடுகிறது. இலையை ஆடு மாடு தொடாது, பழுத்த காயை மட்டும் தேடித் தின்னும். ஒரு காயில் இருபது விதை வரை இருக்கும். தோல் கெட்டியானது, அப்படியே போட்டால் எளிதில் முளைக்காது. மாட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால் தோல் இளகி, சாணம் என்ற உரத்தோடு வெளியே விழுகிறது. ஆடு நன்றாக மென்று தின்பதால் விதையில் பெரும்பங்கு நொறுங்கிவிடும். மாட்டு வயிற்றில் நிறையத் தப்பிக்கும். மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக அடித்துக்கொண்டுபோய்க் கண்மாயில் சேர்க்கும் விதைகள் தனிக் கணக்கு.

உரத்துக்காக ஆடுமாடுகளை வயலில் அடைத்துக் கிடை போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய் உதிரும் காலத்தில் கருவைக் காட்டில் மேய்ந்த கிடை, நேரே உங்கள் வயலில் வந்து அடைந்தால் புழுக்கையோடு விதையும் வந்துவிடும். காய் தின்ற கால்நடையை ஒரு வாரம் வேறு தீவனம் போட்டுக் கட்டி வைத்துவிட்டு அவிழ்த்தால் வயிற்றில் இருப்பது கழிந்துவிடும். சாணத்தைப் பச்சையாக வயலில் கொட்டாமல், குவித்து, சூடேறும்படி இரண்டு மூன்று முறை புரட்டி மக்கவைத்தால் விதை பெருமளவு செத்துப்போகும்.

5. செம்பூரான் கல்லு பூமியிலயும் எப்படி நிக்கிது?

செம்பூரான் கல் என்பது செம்மண்ணுக்கு அடியில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் செந்நிறப் பாறை. மற்ற மரங்கள் அங்கே திணறுவதால்தான் இது நிற்கிறது. மேலே இருக்கும் ஒரு முழச் செம்மண்ணில் பக்க வேரைப் படரவிட்டு, கல்லின் வெடிப்பு கிடைத்த இடத்தில் ஆணிவேரை இறக்கும். காற்றில் உள்ள தழைச்சத்தை வேர் முடிச்சால் தானே எடுத்துக்கொள்வதால் உரமும் வேண்டாம். ஆனாலும் செட்டிநாட்டில் அடர்த்தியாக இருப்பது கல்லாங்காட்டில் அல்ல. கண்மாய் உள்வாய் (தண்ணீர் தேங்கும் உள்பகுதி), வரத்துக்கால், உழவு நின்றுபோன புஞ்சை, பூட்டிய வீட்டுத் தோட்டம், இவற்றில்தான். எங்கே மனிதர் கை எடுத்தாரோ அங்கே.

6. நிலத்தடித் தண்ணிய உறிஞ்சுது, காத்து ஈரத்தையும் இழுக்குது, ஆக்சிஜனே விடாதுன்னு வாட்ஸ்அப்ல வருதே?

முதலாவதில் உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் பொய். பச்சை இலை உள்ள எந்த மரமும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடும். எந்த மரமும் இலை வழியாக ஈரத்தை வெளியே விடுமே தவிர, அக்கம்பக்கத்துக் காற்றை உலர்த்திக் குடிக்காது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இதன் உறவு மரம் ஒன்றின் வேர், அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக 1960-இல் பதிவாகியிருக்கிறது. எல்லா மரமும் அவ்வளவு போகாது. ஆனால் கோடையில் மற்ற மரங்கள் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும்போதும் இது பச்சையாக நின்று நீர் இழுக்கும். நம் ஊரில் அதைவிடப் பெரிய சேதம் வரத்துக்காலில் நடக்கிறது. கால்வாய்க்குள் முளைத்த தூர்கள் சருகையும் மண்ணையும் தடுத்து மேடாக்கும். மழை பெய்தும் ஊருணி நிரம்பவில்லை என்றால் மரம் குடித்ததைத் தேடும் முன், தண்ணீர் வந்து சேரவே இல்லையா என்று வரத்துக்கால் நெடுக நடந்து பாருங்கள்.

7. காய் தின்னா மாடு மலடாயிருமாமே?

அதற்கு ஆதாரம் இல்லை. அளவு மீறினால் வேறு கோளாறு வரும். வறட்சியில் வாரக்கணக்காகக் காயை மட்டுமே தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை நரம்பு கெட்டு, முகம் ஒரு பக்கம் கோணி, மெல்ல முடியாமல் மெலிந்துபோகும் நோய் பிரேசிலில் நன்கு அறியப்பட்டது. காயை உலர்த்தி, விதையோடு அரைத்து மாவாக்கி, மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்தால் நல்ல சத்துணவு. அரைத்துவிட்டால் 4-இல் சொன்ன விதைப் பரவலும் நிற்கும்.

8. வெட்டி விட்டா மூணு மாசத்துல முன்னைவிடப் புதரா வருதே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: வெட்டுவது வேறு, எடுப்பது வேறு. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழம் வரை உறங்கும் மொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. மேலே வெட்டினால் அவை அத்தனையும் விழிக்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தண்டு வரும். அந்த மொட்டுப் பகுதிக்குக் கீழே, அதாவது தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. ஆழத்தில் வேரை அறுத்துவிட்டால், மீதி வேர் மண்ணில் கிடந்தாலும் துளிர்க்காது. ஆணிவேரின் நுனி வரை தோண்ட வேண்டும் என்று மலைக்க வேண்டியதில்லை.

9. ஆள வச்சு வேரோட எடுக்கிற முறை என்ன?

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, மண் ஈரமாக இருக்கும்போது செய்யுங்கள். சித்திரையில் செம்மண் கடப்பாரைக்கே மசியாது.

முதலில் வெளிக் கிளைகளை வெட்டரிவாளால் கழித்து, கவைக்கம்பால் தள்ளி ஒரே இடத்தில் குவியுங்கள். தண்டைத் தரையோடு அறுக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்கு, ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டு வெட்டுங்கள். பிறகு தூரைச் சுற்றி இரண்டடி வட்டத்தில் ஒரு முழம் ஆழத்துக்கு மண்ணை எடுத்தால் பக்க வேர்கள் தெரியும். கோடாரியால் ஒவ்வொன்றாக அறுத்த பின், விட்டுவைத்த கட்டையைப் பிடித்து இருவர் இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஆணிவேர் இருக்கும் பக்கம் பிடிபடும். அதையும் அறுத்தால் தூர் சாய்ந்துவிடும். அந்த ஒரு மீட்டர் கட்டைதான் நெம்புகோல். விறகு ஆசையில் அதையும் தரையோடு அறுத்துவிட்டு அப்புறம் வேரைத் தோண்ட வருபவர்கள், அரை மணி வேலைக்கு அரை நாள் மாரடிப்பார்கள்.

கைத்தடி பருமனுக்கு உட்பட்ட இளஞ்செடிக்கு இவ்வளவு வேண்டாம். மண்வெட்டியைச் சாய்த்து ஒரு சாண் கீழே ஒரே வெட்டு.

10. ஜேசிபி வச்சா ஒரே நாள்ல முடியுமே?

முடியும், பெரிய பரப்புக்கு அதுதான் வழி. கெடுவது ஓட்டுநர் அவசரப்படும்போது. வாளியால் மரத்தைத் தள்ளி ஒடித்தால் தண்டு முறிந்து கழுத்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். 8-இல் சொன்ன நிலைமைதான். வாளியின் பல் தூருக்குப் பின்னால் இறங்கி, அடியிலிருந்து கெல்லித் தூக்க வேண்டும். ஒவ்வொரு தூரும் வேரோடு வெளியே கிடப்பதை ஓர் ஆள் கூடவே நடந்து பார்க்கட்டும். குழிகளை அன்றைக்கே மூடச் சொல்லுங்கள். மழைக்குப் பின் நீர் நிறைந்த குழியில் கன்றுக்குட்டி விழும், பிள்ளைகளும் விழுவார்கள்.

11. தீ வச்சா? உப்பு, ஆசிட் ஊத்துனா?

தீயில் மேல்பகுதி கருகும், கழுத்து பிழைக்கும், மறுபடி தழைக்கும். உப்பு போட்டால் மரம் சாவதற்கு முன் மண் செத்துப்போகும். ஆசிட் ஆளுக்கு ஆபத்து. களைக்கொல்லியை வெட்டிய உடனே, சாறு காயுமுன் கட்டையின் விளிம்பில் தடவினால் பலன் உண்டு. ஆனால் குடிக்கிற ஊருணிக் கரையிலும் கண்மாய்க்குள்ளும் அதைத் தொடவே கூடாது.

12. மரத்தை எடுத்துக்கிட்டு சும்மா சுத்தம் பண்ணித் தர்றேன்கிறாக. விடலாமா?

விடலாம். ஆனால் அவருக்கு வேண்டியது விறகு. வேரை விட்டு வெட்டினால் மூன்று நான்கு ஆண்டில் அவருக்கு அடுத்த வெட்டு தயார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பேச்சை நாம்தான் சரியாகப் பேச வேண்டும். ‘மரம் வெட்டுவது’ என்று எழுதாமல் ‘தூரோடு அகற்றிக் குழி மூடுவது’ என்று எழுதி வாங்குங்கள். ஒரு முன்பணம் பிடித்துவைத்து, அடுத்த மழை கழிந்து ஒரு மாதம் ஆனபின் துளிர்த்த தூர்களை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

13. கண்மாய்க் கரை மேல நிக்கிற மரத்தையும் இப்படியே பிடுங்கலாமா?

கூடாது. கரையில் பெரிய தூரைக் கெல்லினால் உள்ளே வேர் ஓடிய பாதை முழுக்கப் பொத்தலாகும். கண்மாய் பெருகும்போது அந்தப் பொத்தலில் கசிந்து, கரை அறுத்துக்கொள்ளும். மடைக்கும், உபரி நீர் வழியும் கலுங்குக்கும் பக்கத்தில் இன்னும் ஆபத்து.

கரையில் உள்ள பெரிய மரத்தைத் தரையோடு வெட்டிவிட்டு, துளிர் ஒரு முழம் வளரும்போதெல்லாம் தட்டிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டு விடாமல் செய்தால் வேரில் சேர்த்துவைத்த சத்து தீர்ந்து தூர் மட்கும். நடுவில் ஒரு மழைக்காலம் விட்டால் கணக்கு முதலிலிருந்து. சின்னத் தூரைக் கோடையில், கண்மாய் வற்றியிருக்கும்போது கையால் தோண்டி எடுத்து, கண்மாய்க் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, லேசாக நனைத்துத் திமிசு போட்டு இறுக்கி மூடுங்கள்.

14. கண்மாய் மரத்தை ஊரே சேந்து வெட்டலாமா? கோர்ட்டே சொல்லிருச்சுல்ல?

நேரடியாக வெட்டாதீர்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசன நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக அது பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையின் கண்மாய், குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தினுடையது. எது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டு மனுக் கொடுங்கள். மரத்தை ஏலம் விடுவார்கள். ஏல நிபந்தனையில் 12-இல் சொன்ன ‘தூரோடு’ என்ற சொல் இருக்கிறதா என்று ஊர் பார்க்க வேண்டும்.

வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அகற்றச் சொன்னது. 2017-இல் வேலை மும்முரமாக நடந்தது. அதே ஆண்டு, அறிவியல் ஆய்வு வேண்டும் என்ற வாதத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டு நிபுணர் குழு வந்தது. 2022-இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் இயற்கையை மீட்பதற்கும் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. ‘மீட்பதற்கும்’ என்ற பாதிதான் ஊர்களில் மறந்துபோகிறது.

15. வேரோட எடுத்தும் மறு மழைக்கே பச்சைப் பாய் விரிச்ச மாதிரி முளைக்குதே?

அது பழைய தூர் அல்ல, மண்ணில் உறங்கிய விதை. பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டவெளியும் வெயிலும் கிடைத்ததும் முளைக்கிறது. மூன்று மழைக்காலம் பார்த்துப் பிடுங்கினால் பெரும்பகுதி தீரும். கன்று ஒரு சாண் இருக்கையில், ஈர மண்ணில் இரு விரலால் வேரோடு வரும். ஒரு முழம் ஆனபின் மண்வெட்டி வேண்டும். ஓர் ஆண்டு விட்டால் 9-க்குத் திரும்பிப் போகவேண்டியதுதான்.

நிலத்தை வெறுமையாக விடாதீர்கள். புஞ்சையானால் உழுது கொள்ளு விதையுங்கள், தரையை மூடிவிடும். மேய்ச்சலுக்கானால் கொழுக்கட்டைப் புல். மரம் வேண்டுமென்றால் வேம்பு, புங்கை, உசில், கல்லாங்காட்டில் பாலை, வீரை, கண்மாய் உள்வாயில் நாட்டுக் கருவை. செம்பூரான் கல் தட்டும் இடத்தில் ஒன்றரையடிக் குழி போதாது. கல்லை உடைத்து இரண்டடிக் குழியாக்கி, மேல்மண்ணும் தொழு உரமும் கலந்து மூடி, ஐப்பசி முதல் மழையில் நடுங்கள். எது வளரும் என்று தெரியவில்லையானால் பக்கத்துக் கோயில்காட்டைப் பாருங்கள். அங்கே நிற்பதுதான் அந்த மண்ணின் பட்டியல்.

16. அதுக்குப் பதிலா தைல மரம் வச்சா காசாவது வருமே?

காசு வரும். ஆனால் ஓர் அயல் மரத்தை எடுத்துவிட்டு இன்னோர் அயல் மரத்தை வைக்கிறீர்கள். தைல மரம் தானாகப் பரவாது என்பது ஒன்றே வித்தியாசம். தண்ணீருக்காகச் சீமைக் கருவையை எடுத்தவர் தைல மரம் வைப்பதில் பொருளில்லை. செம்மண்ணில் முந்திரி தாராளமாக வரும்.

17. விறகுக்கும் கரிக்கும் இதை விட்டா வேற ஏது?

நியாயமான கேள்வி. அடர்த்தியான கட்டை, நின்று எரியும், புகை குறைவு. கல்யாண வீட்டு ஆக்குப்பெரையிலும் செங்கல் சூளையிலும் இதுதான் எரிகிறது. (ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு மட்டும் விறகு வேண்டாம். அது சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது.) விறகை அடுக்கி மண் பூசிக் கரி சுடும் மூட்டத்தில் ஒரு டன் கரிக்கு நான்கைந்து டன் விறகு போகும். மூட்டத்தில் காற்று புகும் வெடிப்பை உடனுக்குடன் ஈர மண்ணால் பூசாவிட்டால் கரி சாம்பலாகும்.

இந்த வருமானத்தில் வாழும் குடும்பங்கள் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் நிறைய. பட்டா நிலத்தில் வேலியடைத்து, காய் உதிருமுன் பொறுக்கி அரைத்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை வெட்டிப் பராமரித்தால் அது பயிர். வரத்துக்காலில் நின்றால் களை.

18. முள் குத்தி ஒரு மாசமா வீக்கம் வத்தலை. விஷ முள்ளா?

முள்ளின் நுனி உள்ளே ஒடிந்து தங்கியிருக்கும். கணுக்கால், விரல் மூட்டுப் பக்கமானால் ஊசியால் கிண்டாமல் மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பை இந்த முள் துளைத்துவிடும். வெட்டு வேலைக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் வேண்டும்.

19. இதுல பறவை கூடக் கட்டாதாமே? அப்ப மொத்தமா எடுத்துரலாம்ல?

கட்டுகிறது. கண்மாய்த் தண்ணீருக்குள் நிற்கும் சீமைக் கருவையில் கொக்கும் நாரையும் கூடு வைப்பதைத் தென்மாவட்டங்களில் பார்க்கலாம். கீழே தண்ணீர், சுற்றி முள், குஞ்சுக்கு இரட்டைக் காவல். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி போலப் பறவை அடையும் கண்மாயில் ஒரே மூச்சாக எடுத்தால் அடுத்த ஆண்டு அவை இறங்க இடமிருக்காது. முதலில் நாட்டுக் கருவையை நட்டு ஆளுயரம் தாண்ட விடுங்கள். பிறகு குஞ்சுகள் பறந்துபோன கோடையில், ஆண்டுக்கு ஒரு பகுதியாக எடுங்கள்.

20. நாங்க இருக்கிறது சென்னையில. ஊர்ல வீட்டுப் பின்னாடி தோட்டம் முழுக்கக் கருவைதான். வருசத்துல ஒருக்காத்தான் வருவோம், என்ன செய்யட்டும்?

முதலில் பங்காளிகள் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். மரத்தைவிட மனத்தாங்கல் ஆழமாக வேர்விடும். வீடு முன் தெருவிலிருந்து பின் தெரு வரை நீள்வதால் ஜேசிபி பின்வாசல் வழியாக மட்டுமே வரமுடியும், அதுவும் சந்து அகலம் இடம் கொடுத்தால். இல்லையென்றால் 9-இல் சொன்ன கைவேலைதான். கிணற்று உறையை ஒட்டியும் சுற்றுச்சுவரை ஒட்டியும் நிற்பதைக் கெல்ல வேண்டாம், சுண்ணாம்புக் காரைச் சுவர் கூடவே வரும். அங்கே கரைக்குச் சொன்ன தட்டிவிடும் முறை, அதற்கு உள்ளூரில் ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம்.

ஊருக்கு வருவதைப் பிள்ளையார் நோன்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகை கழிந்து 21-ஆம் நாள் என்பதால் மழை முடிந்து மண் இன்னும் ஈரமாக இருக்கும், ஐப்பசியில் முளைத்த கன்று ஒரு சாண் உயரத்தில் நிற்கும். நோன்பு முடித்து இழை எடுத்த மறுநாள் காலையில் பிள்ளைகளையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள், கையுறையோடு.